தண்டனை முடிந்த பின் ஒரு சிறை

வழிப்பறிக் கொள்ளையருக்குரிய தண்டனைகளைக் கூறும் அல்மாயிதா அத்தியாயத்தின் 33ஆம் வசனத்தை மத்ரஸாவில் பாடம் நடத்தும்போது, இறுதியில் வரும் 'நஃப்யு' என்னும் சொல்லிடம் சற்று நின்றாக வேண்டும். சொல்லின் நேர்ப்பொருள் நாடுகடத்துதல். ஆயினும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும் அவர்தம் மாணாக்கர்களும் அதற்குச் சிறை வைத்தல் என்று பொருள் கொண்டார்கள். காரணம் எளிது. ஒருவனைப் பூமி முழுவதிலிருந்தும் வெளியேற்ற இயலாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு விரட்டினால் அவனது தீங்கு அங்குள்ள மக்கள்மீது போய் விழும். ஆகவே அவன் உலவும் நிலத்தைச் சுருக்கிவிடுவதே சொல்லின் கருத்து என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ இரண்டையும் சேர்த்தார்கள்: வேறு ஊருக்கு அனுப்பி, அங்கே அவன் திருந்தும்வரை சிறை வைக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

நாடுகடத்தலும் சிறையும் ஒரே சொல்லுக்குள் இப்படி நெருக்கமாகக் கிடப்பதைச் சட்ட அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இன்றைய அரசுகள் அந்த நெருக்கத்தை வேறொரு வழியில் கண்டன. அயல்நாட்டான் ஒருவன் குற்றம் செய்கிறான், நீதிமன்றம் தண்டிக்கிறது, தண்டனைக் காலம் முடிகிறது. அவனைச் சொந்த நாட்டுக்கு அனுப்ப அரசு விரும்புகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை. அனுப்பும்வரை அடைத்து வைக்கிறது. அந்த 'வரை' எத்தனை நாள்? இந்தக் கேள்வி கடந்த நாற்பது ஆண்டுகளில் நீதிமன்றங்களில் எப்படி எதிர்கொள்ளப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'குற்றம் செய்தவன்தானே, இருந்துவிட்டுப் போகட்டும்' என்ற பேச்சு நம் வீடுகளிலும் எழுவதுண்டு. குற்றத்தின் பாரத்தையோ, பாதிக்கப்பட்டவரின் கண்ணீரையோ நாம் குறைத்துப் பேசவில்லை. குற்றவாளியான அயலானைத் திருப்பி அனுப்பும் உரிமை ஓர் அரசுக்கு உண்டு என்பதையும் மறுக்கவில்லை. வளைகுடா நாடுகளில் சிறைத்தண்டனையோடு நாடுகடத்தலும் சேர்த்துத் தீர்ப்பளிக்கப்படுவதை நம் குடும்பங்கள் பல நன்கறியும். நாம் பேசுவது அவற்றுக்கு அப்பாலுள்ள ஒரு வெற்றிடத்தைப் பற்றி. அங்கே தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை.

பிரிட்டனிலிருந்து தொடங்குவோம், இவ்வரலாறு அங்கேதான் அடர்த்தியாகக் கிடக்கிறது. 1905ஆம் ஆண்டின் அயலார் சட்டம்தான் அங்கே நவீனக் குடியேற்றக் கட்டுப்பாட்டின் தொடக்கம். ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி லண்டனின் கிழக்குப் பகுதியில் வந்து குவிந்த ஏழை யூதர்களை மனத்தில் வைத்தே அது இயற்றப்பட்டது. அதன்படி, சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தில் தண்டிக்கப்பட்ட அயலானை வெளியேற்றலாம் என்று நீதிமன்றம் பரிந்துரைத்தால், உள்துறை அமைச்சர் வெளியேற்றும் ஆணை பிறப்பிக்கலாம். முதற்சொல் நீதிமன்றத்துடையதாக இருந்தது. 1914இல் உலகப்போர் மூண்டதும் அந்த வரம்பு தளர்ந்தது. நீதிமன்றப் பரிந்துரை இன்றியே வெளியேற்றும் அதிகாரம் அமைச்சருக்குக் கிட்டியது. போர் முடிந்த பின்னும் அவ்வதிகாரம் திரும்பப் பெறப்படவில்லை. போர்க்காலத்தில் கொடுத்த அதிகாரத்தை அமைதிக்காலத்தில் எந்த அரசு தானாகத் திருப்பித் தந்திருக்கிறது?

ஆனால் அன்று 'அயலார்' என்ற சொல்லுக்குள் நம் நாட்டவர் வரவில்லை. பேரரசின் குடிகளாக இருந்த இந்தியரும் ஜமைக்கரும் இலங்கையரும் பிரிட்டனில் குற்றம் செய்தால் சிறை உண்டு, நாடுகடத்தல் இல்லை. 1962ஆம் ஆண்டின் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம்தான் அந்தச் சுவரை முதலில் உடைத்தது. 1973 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், இன்றுவரை நிற்கும் கட்டடத்தை எழுப்பியது. நாடுகடத்தல் ஆணைக்கு ஆளானவரை வெளியேற்றும்வரை காவலில் வைக்கலாம் என்று அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கூறுகிறது. எத்தனை நாள் என்று மட்டும் கூறவில்லை.

இந்த மௌனத்தை முதன்முதலில் சோதித்தவர் ஓர் இந்தியர். ஹர்தியால் சிங் 1977இல் முறைப்படி பிரிட்டனுக்குச் சென்றவர். வீடு புகுந்து திருடிய குற்றங்களுக்காகச் சிறைப்பட்டார். அவர் விடுதலையாகியிருக்க வேண்டிய நாள் 1983 ஜூலை 20. அதற்கு முன்பே நாடுகடத்தும் ஆணை வந்துவிட்டதால் சிறைக்கதவு திறக்கவில்லை. டர்ஹம் நகரச் சிறையிலேயே அவர் தொடர்ந்து வைக்கப்பட்டார். கைதி என்ற பெயர் மட்டும் மாறியது. சுவரும் பூட்டும் மாறவில்லை.

நாடுகடத்தல் எப்படி நடைபெறுகிறது என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். ஆணை பிறப்பித்துவிட்டால் மட்டும் ஒருவரை விமானத்தில் ஏற்றிவிட முடியாது. கையில் கடவுச்சீட்டு வேண்டும். இல்லையெனில் அவருடைய நாட்டின் தூதரகம் தற்காலிகப் பயண ஆவணம் தர வேண்டும். தூதரகம் அதைத் தருமுன் இவர் நம் குடிமகன்தானா என்று பார்க்கும்; பெயர், தகப்பனார் பெயர், ஊர், தெரு என ஒவ்வொன்றையும் சொந்த நாட்டுக்கு எழுதி விசாரிக்கும். குற்றவாளி ஒருவரைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்த நாடும் ஓடோடி வருவதில்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு நகரும். சில வேளைகளில் அடைபட்டவரே தம் ஊரைச் சொல்ல மறுப்பார். விண்ணப்பத்தில் கையெழுத்திட மாட்டார். அப்படிப்பட்டவரின் காவல் நீண்டால் அதன் பழி முழுவதையும் அரசின் தலையில் ஏற்ற முடியாதென்று நீதிபதிகள் பின்னாளில் கூறியதும் நியாயமே. ஆயினும் பல கோப்புகள் தூங்குவது, அவற்றை எழுப்ப யாருக்கும் அவசரம் இல்லாததால்தான்.

ஹர்தியால் சிங்கின் நிலையும் அதுவே. கடவுச்சீட்டு இல்லை, இந்தியத் தரப்பிலிருந்து பயண ஆவணம் வர வேண்டியிருந்தது, உள்துறையோ விரைந்து செயல்படவில்லை. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் கழிந்து, 1983 டிசம்பர் 13ஆம் நாள் வழக்கு நீதிபதி உல்ஃப் முன் வந்தது. பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர் அவர். சட்டத்தில் நாள் கணக்கு இல்லை என்பதால் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று ஆகிவிடாது என்றார் அவர். காவல் வைக்கும் அதிகாரம் நாடுகடத்துவதற்காக மட்டுமே தரப்பட்டது. வேறெதற்கும் அதைப் பயன்படுத்தலாகாது. நாடுகடத்துவதற்கு நியாயமாகத் தேவைப்படும் காலத்துக்கு மேல் ஒருவரை அடைத்து வைக்க முடியாது. அந்தக் காலத்துக்குள் அனுப்ப இயலாது என்று தெரியவந்தால், அக்காலம் முடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அதோடு, அரசு தன் பங்கு வேலையை ஊக்கத்தோடு விரைந்து செய்திருக்கவும் வேண்டும். இவற்றைச் சொல்லிவிட்டு உள்துறைக்கு மூன்று நாள் அவகாசம் அளித்தார்: அதற்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் விடுதலை.

வீடு புகுந்து திருடிய ஒருவருக்காகச் சில பக்கங்களில் சொல்லப்பட்ட தீர்ப்பு இது. இன்று ஆங்கிலச் சட்டம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் 'ஹர்தியால் சிங் கோட்பாடுகள்' என்றே இதைப் படிக்கின்றனர்.

நம் ஃபிக்ஹ் நூல்களில் கடனாளியின் சிறை பற்றிய பாடம் படித்தவர்களுக்கு இத்தீர்ப்பின் தர்க்கம் புதிதாகத் தோன்றாது. கடனைத் திருப்பித் தராதவனைக் காழி சிறை வைக்கலாம். அது தண்டனை அன்று. அவனிடம் இருப்பதை வெளியே கொண்டுவரும் நெருக்கடி. அவனிடம் ஒன்றுமே இல்லை என்று உறுதிப்பட்டுவிட்டால் அவனை விட்டுவிட வேண்டும். இல்லாததைக் கேட்டு எத்தனை ஆண்டுகள் அடைத்து வைத்தாலும் அது வரப்போவதில்லை. அதற்குப் பின்னும் தொடரும் சிறை கடனை வசூலிக்கும் வழியாக இராது, வெறும் கொடுமையாகிவிடும். சென்று சேர நாடில்லாதவன் நிலையும் கையில் காசில்லாத கடனாளியின் நிலையும் ஒன்றே என்பது நம் கருத்து.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'நஃப்யு' என்றால் சிறை என்ற அறிஞர்களும் அதற்கு நாள் கணக்குக் குறிக்கவில்லை. தவ்பா வெளிப்படும்வரை என்றுதான் கூறினார்கள். அதுவும் எல்லையற்ற காவல்தானே என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே சாவி அடைபட்டவனின் நெஞ்சில் இருக்கிறது. டர்ஹமில் சாவி ஏதோ ஒரு தூதரகத்தின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஹர்தியால் சிங் தீர்ப்பு கடல் கடந்தது. ஹாங்காங் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டு, வியட்நாமும் ஏற்க மறுத்த சிலரின் வழக்கில், லண்டனின் பிரிவி கவுன்சில் 1996இல் அதே அளவுகோலைப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் 2001 ஜூன் மாதம் வந்த தீர்ப்பு வேறு வழியில் அதே இடத்தைச் சென்றடைந்தது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அகதிகள் முகாமில் லித்துவேனியப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்று, போதைப்பொருள் உள்ளிட்ட பல குற்றங்களில் தண்டனை பெற்றவர் ஒருவர். ஜெர்மனி தன் குடிமகன் அல்லன் என்றது, லித்துவேனியாவும் ஏற்கவில்லை. ஐவருக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுவாக ஆறு மாதங்களுக்குப் பின்னும் அனுப்பும் வாய்ப்புத் தென்படவில்லையெனில் அடைத்து வைப்பதற்கான காரணத்தை அரசு காட்டியாக வேண்டும் என்று கூறியது.

மீண்டும் பிரிட்டனுக்கு வருவோம். நீதிமன்றம் வகுத்த விதியை ஓர் அரசு எப்படி அமைதியாகத் தாண்டிச் செல்லும் என்பதைக் காட்டும் அத்தியாயம் அடுத்து வருகிறது.

2006 ஏப்ரல் மாதம் அங்கே ஒரு புயல் வீசியது. 1999 பிப்ரவரி முதல் 2006 மார்ச் வரை, நாடுகடத்தலுக்குப் பரிசீலிக்கப்பட்டிருக்க வேண்டிய 1,023 அயல்நாட்டுக் கைதிகள், அப்பரிசீலனையே நடைபெறாமல் தண்டனை முடிந்து வெளியேறியிருந்தது அம்பலமாயிற்று. அவர்களுள் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோரும் இருந்தனர். நாளிதழ்கள் கொதித்தன. சில நாள்களிலேயே உள்துறை அமைச்சர் சார்லஸ் கிளார்க் பதவியிழந்தார். அடுத்து வந்த ஜான் ரீட், தம் துறையின் குடியேற்றப் பிரிவு பணிக்கே தகுதியற்றதாகிவிட்டது என்ற பொருள்பட நாடாளுமன்றக் குழுவின் முன் பேசினார். துறை செய்த தவறு மெய். மக்கள் சினமும் இயல்பானது.

அதற்கு அரசு இரண்டு விடைகளைக் கண்டது. ஒன்று வெளிப்படையானது: 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற அயல்நாட்டவரை, சில விலக்குகள் நீங்கலாக, நாடுகடத்தியே ஆக வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டின் எல்லைகள் சட்டம். நாடாளுமன்றம் விவாதித்து நிறைவேற்றியது அது. உடன்படுவோரும் மறுப்போரும் வெளியே நின்று பேசலாம்.

மற்றொன்று இருட்டில் செய்யப்பட்டது. அரசு வெளியிட்டிருந்த கொள்கை ஏடு, தண்டனை முடிந்தோரை இயன்றவரை வெளியே விட வேண்டும், காவல் என்பது விதிவிலக்கு என்றே தொடர்ந்து கூறிக்கொண்டிருந்தது. அதே வேளையில் 2006 ஏப்ரல் முதல் 2008 செப்டம்பர் வரை, அதற்கு நேர்மாறாக, தண்டனை முடிந்த அயல்நாட்டவர் அனைவரையும் ஏறத்தாழ விதிவிலக்கின்றி அடைத்து வைக்கும் மற்றொரு கொள்கை உள்ளுக்குள் நடைமுறையில் இருந்தது. அது வெளியிடப்படவில்லை. வழக்கறிஞர்களுக்குத் தெரியாது, அடைபட்டவர்களுக்கும் தெரியாது. அவர்கள் வெளியிடப்பட்ட கொள்கையைப் படித்து, அதன்படி வாதாடி மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடை முன்னமே வேறோர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. இது சட்டப்படி நிற்காது என்ற எச்சரிக்கை துறைக்குள்ளேயே எழுந்ததும் பின்னர் ஆவணங்களில் வெளிப்பட்டது.

ஓர் அரசு கடுமையாக நடந்துகொள்வது வேறு. தன் கடுமையை மறைத்து, மென்மையின் முகத்தைக் காட்டிக்கொண்டு நடந்துகொள்வது வேறு. முன்னதோடு வாதிடலாம். பின்னதோடு வாதிட இடமே இல்லை. சட்டத்தை மக்களுக்கு எட்டச் செய்யாமல் அவர்களைப் பிடிப்பது நீதியாகாது என்பதற்கு மேனாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. தூதரை அனுப்பி அறிவிக்காத வரை தண்டிப்பதில்லை என்பதை நம் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே படிக்கின்றனர்.

அந்த மறைந்த கொள்கையின்கீழ் அடைபட்டவர்களுள் இருவர், காங்கோ நாட்டவரான லும்பாவும் ஜமைக்காவைச் சேர்ந்த மைட்டியும், உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். லும்பா ஒருவரைக் காயப்படுத்திய குற்றத்துக்காக நான்கு ஆண்டுச் சிறை பெற்றவர். தண்டனை முடிந்த பின் 2006 ஜூனில் தொடங்கிய காவல் 2011 பிப்ரவரியில் அவர் தாமே நாடு திரும்பியபோதுதான் முடிந்தது. நீதிமன்றம் விதித்த நான்கு ஆண்டு ஒரு கணக்கு; எந்த நீதிமன்றமும் விதிக்காத நான்கரை ஆண்டுக்கும் மேற்பட்டது இன்னொரு கணக்கு.

2011 மார்ச் 23ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மறைத்து வைத்த கொள்கையின்படி, வெளியிட்ட கொள்கைக்கு மாறாக அடைத்து வைத்தது சட்டவிரோதச் சிறைவைப்பே என்று அறுவர் கூறினர். டைசன் பிரபுவின் தீர்ப்புரை ஹர்தியால் சிங் கோட்பாடுகளை மீண்டும் அழுத்தந்திருத்தமாக வகுத்தது. இழப்பீடு எவ்வளவு? முறையான கொள்கையைப் பின்பற்றியிருந்தாலும் இவர்கள் எப்படியும் அடைக்கப்பட்டிருப்பார்கள் என்று நீதிமன்றம் கருதியது. எனவே பெயரளவுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு.

ஒரு பவுண்டைக் கண்டு சிரிப்பதா சினப்பதா என்று வாசகர் திகைக்கலாம். நமக்கு அத்தீர்ப்பு ஒருவகையில் நேர்மையாகவே படுகிறது. அம்மனிதர்களுக்குப் பொருள் கொடுப்பது அவ்வழக்கின் நோக்கமாக இருக்கவில்லை. செய்தது தவறு என்று ஓர் அரசின் முகத்துக்கு நேரே, அது ஏட்டில் நிலைக்கும்படி சொல்லப்பட வேண்டியிருந்தது. சொல்லப்பட்டது.

இதே கேள்வி ஆஸ்திரேலியாவில் இன்னும் கூர்மையாக எழுந்தது. 2004 ஆகஸ்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (அங்கே அதுவே தலையாய நீதிமன்றம்), குவைத்தில் பிறந்த நாடற்ற பாலஸ்தீனர் ஒருவரின் வழக்கில், அனுப்ப நாடே இல்லாவிட்டாலும் காலவரையின்றி அடைத்து வைக்கச் சட்டம் இடந்தருகிறது என்று நால்வருக்கு மூவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அம்மனிதர் எக்குற்றமும் செய்தவர் அல்லர். விசா மறுக்கப்பட்டவர், திரும்பிச் செல்லவும் விரும்பியவர், ஏற்க ஒரு நாடில்லை, அவ்வளவே. பெரும்பான்மையில் நின்ற நீதிபதிகளுள் ஒருவரே அந்நிலையைத் துயரமானது என்று வருணித்தார். அந்தத் துயரத் தீர்ப்பு பத்தொன்பது ஆண்டுகள் சட்டமாக நின்றது.

அது தகர்ந்தது ஒரு குற்றவாளியால். மியான்மரிலிருந்து படகில் 2012இல் வந்து சேர்ந்த ரோஹிங்கியா இளைஞர் ஒருவர், நீதிமன்ற ஏடுகளில் நான்கெழுத்துக் குறியீட்டால் மட்டுமே அறியப்படுபவர், ஒரு சிறுவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் செய்து சிறை சென்றார். ரோஹிங்கியா என்றவுடன் நம் உள்ளத்தில் இரக்கம் சுரக்கும். குற்றம் இன்னதென்று கேட்டவுடன் அந்த இரக்கம் வற்றிப்போகும். இரண்டும் மனித இயல்பே. பிள்ளை பெற்ற எவருக்கும் இக்குற்றவாளிமீது அன்பு பிறக்காது, பிறக்கவும் வேண்டியதில்லை. 2018இல் அவர் சிறையிலிருந்து பரோலில் வெளிவந்ததும் நேரே குடியேற்றத் தடுப்புக்காவலுக்கு மாற்றப்பட்டார். மியான்மர் ரோஹிங்கியாக்களைக் குடிமக்களாக ஏற்பதில்லை. இத்தகைய குற்றப் பின்னணி உள்ளவரை வேறெந்த நாடும் ஏற்க முன்வரவில்லை.

2023 நவம்பர் 8ஆம் நாள் அந்நீதிமன்றம் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது. இம்முறை நீதிபதிகளுக்கிடையே பிளவில்லை. சில வாரங்கள் கழித்து வந்த தீர்ப்புரையின் சாரம் இது. குற்றத்துக்குத் தண்டனை விதிப்பது நீதிமன்றத்துக்கு மட்டுமே உரிய பணி. நாடுகடத்துவதற்காகவே அரசு ஒருவரை அடைக்கலாம். நாடுகடத்த வாய்ப்பே இல்லை என்றான பின்னும் அடைத்து வைத்தால் அதன் நோக்கம் நாடுகடத்தலாக இருக்க முடியாது. அது அரசு தானே விதிக்கும் தண்டனையாகிவிடும். டர்ஹம் நகரத் திருடருக்கு 1983இல் கிட்டிய நியாயத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. ஆஸ்திரேலியாவில் அதற்கு அரசமைப்புச் சட்டத்தின் வலு சேர்ந்தது என்பதே வேறுபாடு.

அதன் விளைவாக ஏறத்தாழ 150 பேர் வெளியே வந்தனர். அவர்களுள் பலர் கடுங்குற்றங்களுக்காகத் தண்டனை அனுபவித்தவர்கள். சிலர் வெளியே வந்த பின்னும் புதிய குற்றச்சாட்டுகளில் பிடிபட்டனர். மக்கள் அஞ்சினர். சில நாள்களிலேயே நாடாளுமன்றம் அவசரச் சட்டம் இயற்றி, அவர்களுக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவியும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வீட்டடங்கலும் விதித்தது. 2024 நவம்பரில் அவ்விதிகளையும் நீதிமன்றம், அவை தண்டனைத் தன்மை உடையவை என்ற அதே காரணத்தால், ஐவருக்கு இருவர் என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அரசு வேறு வழி தேடியது. 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவ்ரு தீவுடன் 2025 ஆகஸ்டில் உடன்படிக்கை கண்டது. தொடக்கத்தில் 40 கோடி டாலருக்கும் மேல்; இவர்கள் அங்கே குடியேறிய பின் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் தனியே. குற்றவாளிகளை ஏற்க நாடில்லை என்ற முட்டுக்கட்டையை ஒரு நாட்டுக்கு விலை கொடுத்து அகற்றியிருக்கிறார்கள்.

நவ்ரு பற்றிப் படித்தபோது உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஓர் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. மது அருந்திய குற்றத்துக்காக ரபீஆ இப்னு உமய்யா என்பவரை அவர்கள் கைபருக்கு நாடுகடத்தினார்கள். அவரோ ரோமப் பேரரசர் ஹிரக்லிடம் போய்ச் சேர்ந்து கிறித்தவரானார். அதற்குப் பின் முஸ்லிம் எவரையும் நாடுகடத்தப் போவதில்லை என்று உமர் (ரலி) கூறியதாக நஸாயீயில் பதிவாகியிருக்கிறது. ஹத்தாக விதிக்கப்பட்ட ஓராண்டு நாடுகடத்தலை இது நீக்குமா என்பதில் மத்ஹபுகளிடையே நீண்ட விவாதம் உண்டு. அதற்குள் இங்கே நுழைய வேண்டாம். அனுப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று அந்த ஆட்சியாளர் எண்ணவில்லை. அனுப்பப்பட்டவன் என்னவானான் என்று விசாரித்தார். நாம் கவனிப்பது அவ்வளவே.

அயல்நாட்டு வழக்குகளையே பேசிக்கொண்டிருந்தால், இது எங்கோ நடப்பது என்று வாசகர் ஒதுக்கிவிடக்கூடும். திருச்சிராப்பள்ளி மத்திய சிறை வளாகத்துக்குள் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் ஓர் இடம் உண்டு. வழக்கில் சிக்கிய அயல்நாட்டவரும், வழக்கோ தண்டனையோ முடிந்து சொந்த நாட்டுக்கு அனுப்பப்படக் காத்திருப்போரும் அங்கே வைக்கப்படுகின்றனர். பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்; பிற நாட்டவரும் உண்டு. நெடுங்காலமாக அதன் சட்ட அடிப்படை 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம். ஓர் அயல்நாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் தங்க வேண்டும் என்று அரசு ஆணையிட அச்சட்டம் அதிகாரம் தந்தது. ஏட்டின்படி அது சிறை அன்று, தங்குமிடம். மதிலும் காவலும் இருந்தன. விடுதலை கோரி அங்கிருப்போர் உண்ணாவிரதம் இருந்த செய்திகள் தமிழ் நாளிதழ்களில் பலமுறை வந்திருக்கின்றன.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11ஆம் நாள் விடுவித்தது. அவ்விடுதலை சரியா தவறா என்பதில் தமிழர்களுக்குள்ளேயே இரு கருத்துண்டு. இரண்டையும் நாம் அறிவோம். இங்கே அதைத் தீர்க்க முயலவில்லை. அறுவரில் இந்தியர் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். இலங்கையர் நால்வரும் சிறைவாயிலிலிருந்து திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பயண ஆவணத்துக்காகக் காத்திருப்பு தொடங்கியது. மாதங்கள் ஓடின, ஓராண்டும் கடந்தது. அவர்களுள் ஒருவர் ஈரல் நோயால் நலிந்தார். யாழ்ப்பாணத்தில் முதுமை அடைந்துவிட்ட தாயைக் காண வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். 2024 பிப்ரவரியில் இலங்கை செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. பயணம் புறப்படுமுன், பிப்ரவரி 28ஆம் நாள் காலையில், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. உடல்தான் இலங்கைக்குப் போனது.

மற்ற மூவரும் 2024 ஏப்ரல் 3ஆம் நாள் சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏற்றப்பட்டனர். நீதிமன்றம் விடுவித்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ பதினேழு மாதங்கள்.